சயாம் மரண ரயில் ஆய்வு: எந்தச் சான்றை எதற்கு நம்புவது?

சுங்கை சிப்புட் மாணவி கேட்கிறார்:

வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பகுதிநேரமாக வரலாற்றுப் பட்டப்படிப்பு படிக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே அமைத்த சயாம் மரண ரயில் பாதை வேலைக்காக எங்கள் வட்டாரத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இறந்தவர்களின் எண்ணிக்கையில்தான் சிக்கல். இணையப் பக்கங்கள் தரும் எண்கள் மடங்குக் கணக்கில் வேறுபடுகின்றன. ஆய்விதழ்க் கட்டுரை ஒன்று ஓர் எண்ணை உறுதியாகச் சொல்கிறது. ஆனால் அதற்கு அது காட்டும் சான்றே ஓர் இணையப் பக்கம்தான். கோயில் திருவிழா மலர் ஒன்றில் வந்த கட்டுரையில் சான்று எதுவும் இல்லை. எங்கள் தோட்டத்துப் பழைய லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்ந்த பாட்டி ஒருவர், எண் எதையும் சொல்லாமல், எந்த வீட்டிலிருந்து யார் போனார், யார் திரும்பவில்லை என்பதை வரிசையாகச் சொல்கிறார். பாட்டியின் பேச்சை விட்டுவிட்டு ஆய்விதழ்க் கட்டுரையை மட்டும் வைத்துக்கொள்ளும்படி மேற்பார்வையாளர் சொல்கிறார். அப்படிச் செய்வது சரியாகுமா?

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தெலுக் இந்தான்:

அம்மா, ஒரு சான்றை நம்பலாமா என்று கேட்கும்போதே, எந்தக் கேள்விக்காக நம்பப் போகிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதை ஒட்டிப் பிரிட்டிஷ் அரசு மலாயாவில் அறிவித்த அவசரகாலம் பிறந்ததையும் அன்றைய ஆங்கில நாளேடுகள் உடனுக்குடன் எழுதின. நாளுக்கும் இடத்துக்கும் அவை நல்ல சான்று. அந்த ஆண்டில் தோட்டத் தொழிலாளர்கள் எதற்காகக் கொதித்திருந்தார்கள் என்ற கேள்விக்கு அதே ஏடுகள் போதாது. காவல்துறையும் தோட்ட நிர்வாகமும் சொன்னதே அவற்றில் பெரும்பாலும் செய்தியாயிற்று, பால்மரம் வெட்டியவரின் குரல் அரிதாகவே அச்சேறியது.

ரயில் பாதைக்கு வருவோம். 1942–43இல் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட அந்தப் பாதையில் இறந்த நேசநாட்டுப் போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுக்குப் படைப் பதிவேடு இருந்தது. முகாம்களில் சக அதிகாரிகள் ஒளித்துவைத்துக் காத்த பட்டியல்களும் இருந்தன. ஆகவே தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைகளில் பெரும்பாலானவற்றில் பெயர் பொறிக்க முடிந்தது. ஆசியத் தொழிலாளர்களுக்கு அத்தகைய பெயர்ப் பதிவு இருக்கவில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்கூட, இறந்த பொதுமக்களின் தொகையை 80,000 முதல் 1,00,000 வரை என்று மதிப்பீடாகவே தருகிறது. அதுவும் பர்மியர், ஜாவானியர், தமிழர் எல்லாரையும் சேர்த்த தொகை. தமிழர் மட்டுமே இத்தனை பேர் என்று கடைசி இலக்கம் வரை எழுதும் பக்கத்தைப் பார்த்தால், அந்தத் துல்லியமே உங்களை எச்சரிக்க வேண்டும்.

உங்கள் தலைப்பு வட்டாரத் தோட்டங்களைப் பற்றியது. அங்கே பாட்டி சொல்லும் வீட்டு வரிசைக்கு இணையான சான்று எந்த ஆய்விதழிலும் கிடைக்கப்போவதில்லை. மொத்தத் தொகைக்கு மட்டும் அவரைச் சான்றாக்காதீர்கள்.

பல்கலைக்கழக நூலகப் பணியாளர், கோலாலம்பூர்:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். ஓர் எண்ணைப் பார்த்தால், அது முதன்முதலில் எங்கே எழுதப்பட்டது என்று பின்னோக்கித் தேடிச் செல்லுங்கள். பத்துப் பக்கங்கள் ஒரே எண்ணைச் சொல்லலாம். பத்தும் ஒரே கட்டுரையைப் பார்த்து எழுதியவை என்றால் உங்கள் கையில் இருப்பது ஒரே சான்றுதான். நீங்கள் குறிப்பிடும் ஆய்விதழ்க் கட்டுரை இணையப் பக்கத்தை நம்பி எழுதப்பட்டிருந்தால், அந்த எண்ணைப் பொறுத்தவரை அதன் தரம் அந்தப் பக்கத்தின் தரத்தைத் தாண்டாது. இதை மேற்பார்வையாளரிடம் அடிக்குறிப்பைக் காட்டிப் பணிவாகச் சொல்லலாம்.

இதழையும் பாருங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் அந்தத் துறையினர்தாமா, கட்டுரை வந்து சில நாட்களிலேயே ஏற்கப்பட்டதா, பணம் செலுத்துவது ஒன்றே நிபந்தனையாக இருக்கிறதா என்பவை பார்க்க வேண்டியவை. பணத்துக்காக எதையும் வெளியிடும் இதழ்களை ஜெஃப்ரி பீல் என்ற அமெரிக்க நூலகர் தொகுத்த பட்டியல் 2017 ஜனவரியில் அவருடைய தளத்திலிருந்து நீக்கப்பட்டது. இன்று உலவும் படிகளை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. நல்ல இதழ் என்பதும் முழு உறுதி ஆகாது: தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998இல் லான்செட் வெளியிட்ட கட்டுரை 2010இல்தான் திரும்பப் பெறப்பட்டது.

பழைய நாளேடுகளைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தேடலாம். ஊர்ப் பெயர்களை அன்றைய வழக்கில் இட்டுத் தேட வேண்டும். 1982க்கு முற்பட்ட செய்திகளில் தெலுக் இந்தானைத் தெலுக் அன்சன் என்றே காண்பீர்கள். ஜப்பானியர் ஆட்சிக்கால ஏடுகள் தணிக்கைக்கு உட்பட்டவை, எனவே பாதையில் நேர்ந்த சாவுகளைப் பற்றி அவை மௌனம் காப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். அரசுக் கோப்புகளுக்கு மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போவது நல்லது.

சுங்கை சிப்புட் மாணவி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. 1942இல் பாட்டிக்கு ஏழு, எட்டு வயதுதான். சிலவற்றைத் தாம் பார்த்ததாகவும், சிலவற்றைத் தம் தாயார் சொல்லக் கேட்டதாகவும் சொல்கிறார். இரண்டும் ஒரே மூச்சில் கலந்து வருகின்றன.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தெலுக் இந்தான்:

அப்படித்தான் வரும். இடைமறிக்காமல் முதலில் முழுவதையும் பேசவிட்டு, அவர் அனுமதியோடு ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். இன்னொரு நாள் போய், ஒவ்வொரு பெயராக எடுத்து, "இவர் லாரியில் ஏறியதை நீங்களே பார்த்தீர்களா, அம்மா சொன்னார்களா?" என்று பொறுமையாகக் கேளுங்கள். விடையைத் தனித்தனிப் பத்தியில் குறித்துவையுங்கள். எத்தனை நாள் வேலை, என்ன கூலி என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள், பெயர் எழுதியவர் கங்காணியா (தொழிலாளர் மேற்பார்வையாளர்) கிராணியா (தோட்ட எழுத்தர்) என்றும் கேளுங்கள். ஒரு சிறுமியின் காதில் விழுந்து தங்கியிருக்கக்கூடிய செய்திகள் அவை. திரும்பவில்லை என்று அவர் சொல்பவரை எல்லாம் இறந்தவர் கணக்கில் சேர்க்க வேண்டாம். தப்பி ஓடி வேறு தோட்டத்திலோ சயாமிலோ தங்கிவிட்டவர்களும் உண்டு. அதே லயத்தில் இருந்த வேறொரு குடும்பத்தார் இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) எங்கேனும் குடியிருந்தால், பாட்டியின் வரிசையைக் காட்டாமல் அவர்களிடமும் தனியாகக் கேளுங்கள். இரண்டிலும் வரும் பெயர்களை ஆய்வேட்டின் உடலிலும், ஒன்றில் மட்டும் வருபவற்றை அவ்வாறே குறிப்பிட்டுப் பின்னிணைப்பிலும் வையுங்கள். அந்தப் பட்டியலை மேற்பார்வையாளர் பார்க்கட்டும்.