கவர்டு கால் ஃபண்ட்: ஒரு சார்ட்டில் டெத் கிராஸ், இன்னொன்றில் ஏறுமுகம். எதைப் பார்ப்பது?

மாதவரவு:
வணக்கம். அமெரிக்கச் சந்தையில் இருக்கும் ஒரு குளோஸ்-எண்ட் ஃபண்ட் (பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) கையில் இருக்கிறது. பங்குகளை வைத்துக்கொண்டு எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் மேல் கால் ஆப்ஷன் (குறித்த விலைக்கு வாங்கும் உரிமை) விற்று, அதாவது கவர்டு கால் முறையில், மாதம் 9.5 சென்ட் தருகிறார்கள். போன வருடம் இதே சமயம் விலை 14 டாலர், இப்போது 13.30. ஒரு தளத்தில் 50 நாள் மூவிங் ஆவரேஜ் (கடைசி 50 நாள் விலைகளின் சராசரிக் கோடு) 200 நாள் கோட்டுக்குக் கீழே போய் டெத் கிராஸ் என்று காட்டுகிறது, இன்னொரு தளத்தில் அதே ஃபண்ட், அதே காலம், 50 நாள் கோடு மேலே இருக்கிறது. செட்டிங் எதையும் நான் தொடவில்லை. போதாததற்கு, கடைசியாக வந்த 19ஏ நோட்டீஸில் (கொடுத்த பணம் எதிலிருந்து வந்தது என்று ஃபண்ட் அனுப்பும் அறிவிப்பு) பாதிக்கு மேல் ரிட்டர்ன் ஆஃப் கேபிடல், அதாவது முதலைத் திருப்பித் தருவது, என்று வேறு போட்டிருக்கிறது. ட்ரெண்ட் உடைந்துவிட்டதா, விற்றுவிடலாமா? மாத வரவை நம்பி வைத்திருக்கும் பணம், அதனால்தான் கேட்கிறேன்.

கோடும்கணக்கும்:
இரண்டு சார்ட்டும் சரிதான், காட்டுகிற விஷயம்தான் வேறு. ஒன்று சந்தையில் நடந்த விலையை அப்படியே போடுகிறது. மற்றது கொடுத்த பணத்துக்கு ஏற்றபடி பழைய விலைகளைக் குறைத்துப் போடும் அட்ஜஸ்டட் சார்ட். ஸ்டாக்சார்ட்ஸ் தளத்தில் சாதாரணமாகத் திறந்தாலே அட்ஜஸ்ட் செய்ததுதான் வரும், குறியீட்டுக்கு முன்னால் ஓர் அண்டர்ஸ்கோர் போட்டால் அசல் விலை வரும். டிரேடிங்வியூவில் டிவிடெண்ட் அட்ஜஸ்ட்மெண்டை நாம்தான் ஆன் செய்ய வேண்டும்.

வருடத்துக்கு 8 சதவீதம் போல வெளியே கொடுக்கிற ஃபண்டில் இது சின்ன வித்தியாசம் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 நாள் சராசரி என்பது சுமாராக 100 வர்த்தக நாளுக்கு முந்தைய விலை, 50 நாள் சராசரி 25 நாளுக்கு முந்தையது. நடுவில் 75 நாள், அதாவது மூன்றரை மாதம். அந்த மூன்றரை மாதத்தில் ஃபண்ட் சுமார் 34 சென்ட் கொடுத்திருக்கும். ஆக, ஃபண்ட் மொத்த வருமானத்தில் ஒரு பைசா இழக்காமல் அப்படியே நின்றாலும், அசல் விலை சார்ட்டில் 50 நாள் கோடு 200 நாள் கோட்டுக்கு 34 சென்ட் கீழேதான் ஓடிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட ஃபண்டில் டெத் கிராஸைப் பார்த்து விற்பது தேவையே இல்லாத வேலை. ட்ரெண்டுக்கு அட்ஜஸ்டட் சார்ட்டை மட்டும் பாருங்கள்.

அது ஒரு பக்கம். அப்புறம் என்ஏவி, அதாவது ஃபண்டின் ஒரு பங்குக்கு உள்ளே இருக்கும் சொத்தின் மதிப்பு, என்ன? போன வருடம் எவ்வளவு, இப்போது எவ்வளவு?

மாதவரவு:
தேடி எடுத்தேன். அப்போது 14.20, இப்போது 14.30.

கோடும்கணக்கும்:
அப்படியானால் விஷயமே வேறு. வருடம் முழுக்க 1.14 டாலர் கொடுத்த பிறகும் என்ஏவி 10 சென்ட் ஏறியிருக்கிறது. ஃபண்டுக்குள் இருக்கும் சொத்து சம்பாதித்தது கிட்டத்தட்ட 8.7 சதவீதம். உங்களுக்குக் கிடைத்தது 3.1 சதவீதம்தான், ஏனென்றால் டிஸ்கவுண்ட் (சந்தை விலை என்ஏவிக்கு எவ்வளவு கீழே என்பது) 1.4-இலிருந்து 7 சதவீதமாக விரிந்துவிட்டது. நீங்கள் பார்க்கும் இறக்கம் முழுக்க முழுக்க அங்கேதான் இருக்கிறது, போர்ட்ஃபோலியோவில் இல்லை. என்ஏவிக்குத் தனிக் குறியீடு உண்டு, பெரும்பாலும் ஃபண்டின் குறியீட்டுக்கு முன்னும் பின்னும் ஓர் எக்ஸ். அதை அட்ஜஸ்டட் சார்ட்டாகப் போட்டு அதில் ட்ரெண்ட் பாருங்கள், டிஸ்கவுண்டைத் தனிக் கோடாக வையுங்கள்.

19ஏ நோட்டீஸைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதில் இருப்பது தோராய மதிப்பீடு. வரிக்கான இறுதிக் கணக்கு வருட முடிவில் 1099-டிஐவி படிவத்தில்தான் வரும். இன்னும் விற்காத பங்குகளின் லாபம் அந்த நோட்டீஸில் வருமானமாக வராது, அதனால் ஏறுகிற சந்தையிலும் ரிட்டர்ன் ஆஃப் கேபிடல் பெரிதாகத் தெரியும். என்ஏவி வருடக்கணக்கில் தேய்ந்துகொண்டே வந்தால்தான் நம் முதலையே நமக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆப்ஷன்மேசை:
மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆர்டர் போட, ஸ்டாப் (விலை இவ்வளவு இறங்கினால் விற்றுவிடு என்ற ஆர்டர்) வைக்க, சப்போர்ட் (இறக்கம் நின்று திரும்பும் விலை) பார்க்க அசல் விலை சார்ட்தான் வேண்டும். அட்ஜஸ்டட் சார்ட்டில் தெரியும் பழைய 12.40 என்பது யாரும் வாங்கி விற்காத விலை, அங்கே சப்போர்ட் என்று கோடு போடுவதில் பொருள் இல்லை. எக்ஸ்-டேட் (அன்று முதல் வாங்குபவருக்கு அந்த மாத வரவு கிடையாது) அன்று 9 சென்ட் கீழே திறந்தால் அதை உடைப்பு என்றும் எடுக்காதீர்கள்.

இன்னொன்று, எஸ் அண்ட் பி 500-உடன் ஒப்பிட்டு ட்ரெண்ட் மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம். கால் விற்ற ஃபண்ட் இறங்கும்போது கால் விற்றுப் பெற்ற பிரீமியம் அளவுக்குத்தான் தாங்கும், ஏறும்போது ஸ்ட்ரைக்குக்கு (ஆப்ஷனில் குறித்த விலைக்கு) மேல் போகும் லாபத்தை விட்டுக்கொடுக்கும். 2020-இல் இண்டெக்ஸ் பிப்ரவரி 19-இலிருந்து மார்ச் 23 வரை 34 சதவீதம் போல விழுந்து, ஆகஸ்டிலேயே பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டது. பை-ரைட் (பங்கை வைத்துக்கொண்டு கால் விற்கும்) ஃபண்டுகளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, அது அவற்றின் வடிவமே. எஸ் அண்ட் பி 500-ஐ வைத்துக்கொண்டு கால் விற்பதைக் காட்டும், சிபிஓஇ ஆப்ஷன் சந்தையின் பிஎக்ஸ்எம் இண்டெக்ஸை எதிரில் வைத்து ரேஷியோ சார்ட் (ஒன்றை மற்றதால் வகுத்த கோடு) போடுங்கள், உங்கள் ஃபண்ட் போர்ட்ஃபோலியோவில் எவ்வளவுக்குக் கால் விற்கிறது என்பதையும் பாருங்கள். பாதிக்கு மட்டும் விற்றால் அது பிஎக்ஸ்எம்மைவிட இண்டெக்ஸ் பக்கம் சாய்ந்து நடக்கும்.

மாதவரவு:
என்ஏவியை அட்ஜஸ்ட் செய்து போட்டேன். 200 நாள் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது, கோடும் ஏறுகிறது. அப்படியென்றால் 7 சதவீத டிஸ்கவுண்டில் இன்னும் வாங்கலாமா?

கோடும்கணக்கும்:
விற்கக் காரணம் இல்லை. வாங்க, 7 என்பது இந்த ஃபண்டுக்கு மலிவா என்று முதலில் பாருங்கள். ஐந்து வருட டிஸ்கவுண்ட் சராசரி 6 என்றால் 7-இல் சலுகை ஒன்றும் இல்லை, பிரீமியத்தில், அதாவது என்ஏவிக்கு மேல் விலையில், நடந்து பழகிய ஃபண்ட் என்றால் கவனிக்கத் தக்கது. விரிந்ததற்குக் காரணத்தையும் தேடுங்கள்: டிஸ்ட்ரிபியூஷனை (மாதம் தரும் பணத்தை) குறைத்தார்களா, ரைட்ஸ் ஆஃபரிங் (இருக்கும் பங்குதாரர்களுக்குப் புதுப் பங்கு விற்பது) அறிவித்தார்களா? ரைட்ஸில் என்ஏவிக்குக் கீழே புதுப் பங்கு விற்றால் பழைய பங்குதாரரின் என்ஏவி நீர்த்துப்போகும். இரண்டும் இல்லை என்றால் லிமிட் ஆர்டரில் (நாம் சொல்லும் விலைக்கு மேல் வாங்காத ஆர்டர்), கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம். வால்யூம் (வர்த்தக அளவு) குறைந்த ஃபண்டில் மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கும் விலைக்கு வாங்குவது) வேண்டாம்.