பிள்ளைகளோடு மலையில் கூடாரம் அடிக்க, ஜீப் பாதையில் எங்கே போகலாம்?

முறிகண்டியான்:

வணக்கம். நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளை மலைநாட்டுக்குக் கூட்டிப்போய் இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்க யோசிக்கிறோம். மூத்தவனுக்கு 9 வயது, சின்னவளுக்கு 5, அம்மாவும் வருகிறார், அவருக்கு முழங்கால் நோ. வாகனம் டபுள் கப், நாலு சில்லும் இழுக்கும், ரயர் நல்ல நிலையில் இருக்கிறது. தம்பி குடும்பம் ஹயஸ் வானில் பின்னால் வருகிறார்கள்.

கிரவல் றோட்டிலும் குளக்கட்டிலும் மாரிச் சேற்றிலும் ஓடிப் பழகிய கைதான், ஆனால் மலையில் தார் றோட்டுக்கு வெளியே நான் ஓடியதில்லை. மீமுரேக் கிராமத்து வீடியோ பார்த்ததிலிருந்து மூத்தவன் அங்கேதான் போகவேண்டும் என்று நிற்கிறான். ஹோர்ட்டன் சமவெளி என்று மனைவி சொல்கிறார். மீமுரே இருக்கிற நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பக்கம் வேறு நல்ல இடம் இருக்கிறதா? பிள்ளைகள் பயப்படாமல், அம்மா களைக்காமல், ஆனால் கொஞ்சம் காட்டுப்பாதை ஓடின திருப்தியும் இருக்கவேண்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்கோ.

ஓமந்தை ஜீப்:

தம்பி, முதலில் வான் விசயத்தை முடிவு செய்யுங்கோ. இரண்டு வாகனம் சேர்ந்து போனால் எது பலவீனமோ அதுக்கு ஏற்றதுதான் பாதை. உங்கள் டபுள் கப் ஏறும், பின்னால் வரும் ஹயஸ் அடி தட்டி நிற்கும், பிறகு பிள்ளைகளை வெயிலில் இறக்கி வைத்துவிட்டுக் கல் அடுக்கிக்கொண்டு நிற்கவேண்டி வரும். வான் வருவது உறுதி என்றால் மீமுரேயை இந்த முறை விடுங்கோ.

ஹோர்ட்டன் சமவெளி நல்ல இடம், ஆனால் நீங்கள் கேட்பதுக்கு அது பொருந்தாது. 1988 இலிருந்து தேசியப் பூங்கா, வாகனம் உள்ளே றோட்டை விட்டு ஒரு அடி இறங்க முடியாது, மிச்சம் எல்லாம் நடைதான். கூடாரம் அடிக்க வனஜீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி எடுக்கவேண்டும். 2,100 மீற்றருக்கு மேலே இரவுக் குளிர் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமே இல்லாத குளிர்.

நான் சொல்வது நக்கிள்ஸில் ரிவஸ்டன் பக்கம். மாத்தளை, ரத்தோட்டை, ரிவஸ்டன், அப்படியே இறங்கினால் இலுக்கும்புர. றோட்டு ஒடுக்கம், வளைவு அதிகம், ஆனால் தார், வானும் வரும். கீழே இலுக்கும்புரப் பக்கம் ஆற்றங்கரையை ஒட்டிக் கூடாரம் அடிக்க விடுகிற இடங்கள் இருக்கு. அங்கே இறங்கி வானை நிப்பாட்டிவிட்டு, அடுத்த நாள் டபுள் கப்பில் மட்டும் கிராமத்துக்குள் போகிற கல் றோட்டுகளில் ஏறி இறங்கலாம். பிள்ளைகளுக்கும் அலுக்காது, அம்மா விரும்பினால் கூடாரத்தடியிலேயே இருக்கலாம். பிள்ளைகளோடு போகும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: எந்த இடத்தில் வைத்தும் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு வரமுடியுமா? அப்படி முடியாத பாதை எவ்வளவு வடிவான பாதையாக இருந்தாலும் 5 வயதுப் பிள்ளைக்குரிய பாதை இல்லை.

ஓடுகிற விதமும் வேறு. எங்கள் சேறு வாகனத்தைப் பிடித்து நிப்பாட்டும், மலைச் சேறு பள்ளத்துப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். வன்னியில் புதையும்போது வேகத்தைக் கூட்டி வெளியே வருகிறோமே, அந்தப் பழக்கத்தை மலையில் காட்டவே கூடாது. இறக்கத்துக்கு முன்னமே நின்று லோ கியரில் போட்டு, முதலாவதில் விட்டு, எஞ்சின் பிடிக்கப் பிடிக்க இறங்கவேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி மணக்கத் தொடங்கும், அதுக்குப் பிறகு மிதித்தாலும் பிடிக்காது. கல் றோட்டில் ரயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தால், 35 psi இல் இருந்தால் 25 அளவுக்கு, குலுக்கமும் குறையும் பிடியும் கூடும். ஆனால் திரும்பத் தாருக்கு ஏறமுதல் அடிக்கவேண்டும், அதனால் சின்னக் கொம்பிரசர் ஒன்று வாகனத்தில் இருக்கட்டும். ஏறி வருகிற வாகனத்துக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும்.

இன்னொன்று. போகமுதல் ஓடிப் பழகுவோம் என்று இங்கே ஊரில் காட்டுக்குள் இறக்காதேயுங்கோ. கண்ணிவெடி என்று மண்டையோட்டுச் சிவப்புப் பலகை நிற்கிற இடம் மட்டும் இல்லை, சனம் நாளாந்தம் போய்வராத எந்தத் தடத்திலும் வேண்டாம். பழக வேண்டுமென்றால் எல்லோரும் ஓடுகிற கிரவல் றோட்டே போதும்.

மல்லாவி மைந்தன்:

ஓமந்தை அண்ணை சொல்வதில் பாதிக்கு நான் உடன்பாடு இல்லை. மீமுரேயைப் பிள்ளைகளுக்கு ஆகாத இடம் போலச் சொல்வது சரியில்லை. அங்கே பஸ்ஸே போகுது, ஊர்ச் சனம் கைக்குழந்தையோடு போய் வருகிறார்கள். போய் இறங்கினால் ஆறு, வயல், முன்னால் லக்கேகல மலை முக்கோணமாக நிமிர்ந்து நிற்கும், என் பிள்ளைகள் அங்கே இருந்த சந்தோசத்தை வேறெங்கும் நான் காணவில்லை.

யார் ஓடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. கண்டி மகியங்கனை றோட்டில் ஹுன்னஸ்கிரிய வந்து, அங்கிருந்து லூல்வத்த, கோர்பட்ஸ் கேப் என்கிற கணவாய் தாண்டி இறங்கவேண்டும். தூரம் 30 கிலோமீற்றர் சொச்சம்தான், ஆனால் நேரம் எடுக்கும், கேப்புக்குப் பிறகு வருகிற இறக்கத்தில் எதிரே ஒரு லொறி வந்தால் யார் பின்னுக்கு எடுப்பது என்பது கையில் பழக்கம் இருக்கிறவருக்கே வியர்க்கிற விசயம். அதனால் உங்கள் வாகனங்கள் இரண்டையும் ஹுன்னஸ்கிரியவில் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டு, அந்த ஊர் ஆட்களின் ஜீப்பை வாடகைக்குப் பிடியுங்கோ. ஒவ்வொரு வளைவும் அவர்களுக்குத் தெரியும். நீங்களும் பிள்ளைகளோடு இருந்து வெளியே பார்த்துக்கொண்டு போகலாம். லக்கேகலவில் ஏறுவோம் என்று மட்டும் மூத்தவர் கேட்டால் மறுத்துவிடுங்கோ, அது பிள்ளைகள் ஏறுகிற மலை இல்லை.

ஊருக்குள் பெற்றோல் செட் கிடையாது, சொந்த வாகனத்தில் போகிறவர்கள் தெல்தெனியப் பக்கமே நிரப்பிக்கொள்ளவும். போனுக்குச் சிக்னலும் நம்ப முடியாது, எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

நெடுங்கேணி அக்கா:

எல்லோரும் வாகனத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். தம்பி, அம்மாவும் மனைவியும் சின்ன மகளும் இரண்டு இரவு இருக்கப் போகிறார்கள், கழிவறை எங்கே என்று யாராவது கேட்டீர்களா? முழங்கால் நோ உள்ளவர் குந்தி இருக்க முடியாது. இடம் பிடிக்கும்போது முதலாவதாகக் கேட்கவேண்டியது கொமட் வைத்த கழிவறை இருக்கிறதா, இரவில் அங்கே போகிற வழியில் வெளிச்சம் இருக்கிறதா என்பதைத்தான். இல்லையென்றால் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு அறை எடுத்துக் கொடுங்கள், நீங்கள் முற்றத்தில் கூடாரம் அடியுங்கள். கிராமத்து வீடுகளில் அப்படி விடுகிறார்கள், சாப்பாடும் சமைத்துத் தருவார்கள்.

பிறகு வாந்தி. ரத்தோட்டை தாண்டினால் வளைவுக்கு மேல் வளைவு. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் பிள்ளைகள் பாடு பெரும்பாடு. தம்புள்ளையில் சாப்பாட்டை முடித்துவிட்டு, மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டு, பிள்ளைகள் கோயில் வீதியில் கொஞ்சம் ஓடி விளையாடட்டும், அதுக்குப் பிறகு ஏறுங்கள். மேலே ஏறும்போது போன் பார்க்கக் கொடுக்காதீர்கள், வெளியே தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1,000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6.5 பாகை குறையும், அதோடு காற்றும் சேர்ந்தால் இன்னும் குளிரும். ஓகஸ்ட்டில் ரிவஸ்டன் உச்சியில் அடிக்கிற காற்றுக்குப் பெரியவர்களே தள்ளாடுவார்கள். அங்கே இறங்கிப் பார்க்கலாம், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆனால் கூடாரம் கீழேதான். தரையிலிருந்துதான் குளிர் ஏறும், கூடாரத்துக்கு அடியில் ஒரு படங்கு, உள்ளே தடித்த பாய், சின்னவளுக்கு இரண்டு சோடி காலுறை. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டு போங்கள். கடித்தால் பிடுங்கி இழுக்காமல் உப்பைப் போட்டால் தானாக விழும், முன்னமே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தால் அழ மாட்டார்கள்.

உங்கள் கூட்டத்தில் சிங்களம் கதைக்கிற ஒருவராவது இருப்பது நல்லது. அந்தப் பக்கம் ஊரவர்கள் அன்பான மனிதர்கள், மழை வரப்போகுது, ஆறு பெருகப்போகுது என்று அவர்கள் சொல்வது உடனே விளங்கவேண்டும்.

மாத்தளை மருமகன்:

நான் வவுனியா, பெண் எடுத்தது மாத்தளையில், அதனால் இந்தப் பாதை அடிக்கடி போய்வருகிற பாதை. மாதத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்கிறேன். எங்களுக்கு மாரி என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. நக்கிள்ஸின் கிழக்குச் சரிவும் அதே வடகீழ்ப் பருவக்காற்றில்தான் நனையும், ஆகவே டிசம்பர் விடுமுறையில் அங்கே போகவே வேண்டாம். ஏப்ரலில் காலை வெயில் நன்றாக இருக்கும், பின்னேரம் இடி மின்னல். பிட்டவல பத்தன போன்ற வெட்டவெளிப் புல்வெளியில் அந்த நேரம் நிற்பது ஆபத்து. ஓகஸ்ட்டில் மேற்குப் பக்கம் மழையும் காற்றும் இருக்கும், தாண்டிக் கிழக்கே இறங்கினால் இலுக்கும்புரவும் மீமுரேயும் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். நீங்கள் கேட்ட மாதம் சரியான மாதம்.

ஆனால் பழைய வீடியோவைப் பார்த்துப் பாதையை முடிவு செய்யாதீர்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளைப் பக்கமெல்லாம் மலை சரிந்து றோட்டுகள் போனது எல்லோருக்கும் தெரியும். அப்படிச் சரிந்த இடம் அடுத்த பெருமழைக்கும் இளகும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் வந்தாலே பிள்ளைகளோடு போகிற பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்பேன். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால்தான் அந்த முதல் எச்சரிக்கையே வரும், அது சின்ன மழை இல்லை. 117 க்கு அடித்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தில் நிலைமை கேட்கலாம். 1990 அம்புலன்ஸ், அதையும் போனில் போட்டு வையுங்கள்.

ஆற்றங்கரையில் கூடாரம் என்று ஓமந்தை அண்ணை சொன்னார், சரி, ஆனால் தண்ணீர் மட்டத்திலிருந்து நல்லாக மேலே. உங்களுக்கு வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை பெய்து ஆறு திடீரென்று பெருகும். தெளிந்த தண்ணீர் கலங்கலாக மாறினால், சருகும் தடியும் மிதந்து வந்தால், பிள்ளைகளை உடனே கரையேற்றுங்கள். வாகனத்தைத் தண்ணீருக்குள் விடுவதும் அப்படித்தான், நடந்து கடக்க முடியாத இடத்தில் ஓடிக் கடக்க நினைக்கக் கூடாது.

நக்கிள்ஸ் 2000 ஆம் ஆண்டிலிருந்து பாதுகாக்கப்பட்ட காடு, 2010 இல் உலக மரபுரிமையாகவும் எடுத்தார்கள். உள்ளே போகிற பாதைகளுக்கு வனவளத் திணைக்களத்தின் சீட்டு வேண்டும், இருக்கிற தடத்தை விட்டு வாகனத்தைப் புல்லுக்குள் இறக்குவது குற்றம். பிட்டவல பத்தனவில் கற்பாறைக்கு மேல் மண் மெல்லிய படையாகத்தான் இருக்கிறது, ஒரு தரம் ரயர் கிழித்தால் அந்தப் புல் திரும்ப வர வருசக்கணக்கு எடுக்கும். விறகு நெருப்பும் வேண்டாம், காஸ் அடுப்பு கொண்டு போங்கள். ஓகஸ்ட்டில் காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும்.

முறிகண்டியான்:

எல்லோருக்கும் பெரிய நன்றி. வீட்டில் இருந்து கதைத்தோம். இந்த ஓகஸ்ட்டுக்கு இலுக்கும்புர, வானும் வரும், அம்மாவுக்கு வீட்டு அறை, நாங்கள் முற்றத்தில் கூடாரம். மீமுரேக்கு அடுத்த முறை ஊர் ஜீப்பில் போவோம் என்று மூத்தவனிடம் சொல்லிவிட்டேன், முகம் கொஞ்சம் வாடியது, சரி என்றான்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். கிளிநொச்சியிலிருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிட்டால் சரி? நள்ளிரவில் வெளிக்கிட்டால் பிள்ளைகள் நித்திரையிலேயே வருவார்கள் என்று தம்பி சொல்கிறான்.

ஓமந்தை ஜீப்:

நள்ளிரவு வேண்டாம். மதவாச்சி தாண்டி மிகிந்தலை, மரதன்கடவல பக்கமெல்லாம் இருட்டில் யானை றோட்டுக்கு வரும், ஓடுகிறவருக்கும் நித்திரை தூக்கும். விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டு, வவுனியா தாண்டும்போது வெளிச்சம் வந்துவிட்டால் போதும். ரத்தோட்டையை மதியத்துக்கு முன்னம் தாண்டுங்கோ, பின்னேரம் ரிவஸ்டனில் புகார் இறங்கினால் முன்னால் போகிற வாகனமே தெரியாது. அப்படி இறங்கிவிட்டால் அவசரப்படாமல் ரத்தோட்டையிலேயே அன்றிரவு தங்கிவிட்டுக் காலையில் ஏறுங்கோ. தம்பியின் வானுக்குப் பிரேக் கட்டையைப் போகமுதல் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கோ, சமதரையில் மட்டும் ஓடின வாகனத்தில் தேய்மானம் இறக்கத்தில்தான் தெரியவரும்.

நெடுங்கேணி அக்கா:

அம்மாவுக்கு மடிக்கிற கதிரை ஒன்றும் எடுத்துப் போங்கள் தம்பி. வானின் முன் ஆசனத்தில் அவரை இருத்துங்கள், டபுள் கப்பின் குலுக்கம் முழங்காலுக்கு ஆகாது.