மறு: மறு: மூக்குப் பலகை – 'மெட்டாப்ளேசியா'வுக்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

திண்டுக்கல் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். பள்ளிக் கண்காட்சி ஒன்றுக்காக நகரக் காற்றும் மூக்கும் பற்றிய பலகைகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்றாம் பலகையில் மாட்டிக்கொண்டேன்.

அதில் இருப்பது மெக்சிகோ நகரத்துச் சேதி. ஏறத்தாழ 2240 மீட்டர் உயரம், சுற்றிலும் மலை, வண்டிப் புகை கலைய வழியில்லை. அதில் வெயிலும் பட்டால் ஓசோன். லிலியன் கால்டெரோன் கார்சிதுவென்யாஸ் என்ற மருத்துவரின் குழு, நகரவாசிகளின் மூக்கிலிருந்து துளித் திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து 1992இல் வெளியிட்டது. சளியைத் தள்ளும் குறு இழைகள் உதிர்ந்திருந்தன, அடியடுக்கில் இருக்கும் அடிச்செல்கள் பெருகியிருந்தன, உயரமான தூண் செல்கள் நிற்க வேண்டிய இடத்தில் தட்டையான செதிள் செல்கள். இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் 'ஸ்குவாமஸ் மெட்டாப்ளேசியா' என்று பெயர். படத்தின் கீழே ஒரே ஒரு சொல்லுக்குத்தான் இடம். 'உருமாற்றம்' போடலாமென்றால் புழு பட்டாம்பூச்சியாவதற்கு அது ஏற்கெனவே போய்விட்டது.

மதுரை ஐயா எழுதியது:

அம்மா, எங்கும் தேடிப் போக வேண்டாம். இலக்கணத்தில் இரண்டு சொல் சேரும்போது வரும் புணர்ச்சி விகாரம் எத்தனை? தோன்றல், திரிதல், கெடுதல். மூன்றும் உங்கள் பலகையிலேயே இருக்கின்றன. அடிச்செல் பெருகியது தோன்றல். குறு இழை உதிர்ந்தது கெடுதல். தூண் இருந்த இடத்தில் செதிள் வந்தது திரிதல். ஆகவே 'செதிள்திரிபு'. முடிந்தது. 'செதில்' என்று எழுதிவிடாதீர்கள். செது, செதுக்கு, செதிள் என்று வேர் தெளிவாக இருக்கிறது.

வவுனியா டாக்டர் எழுதியது:

ஐயா, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே கலம் திரிவதில்லை. (நீங்கள் செல் என்பதை நாங்கள் கலம் என்றே படித்தோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஓசோனும் டீசல் துகளும் தூண் கலத்தைச் சிதைக்கும். கலங்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கும் பொருத்துகள் நெகிழும். கடைசியில் கலம் உதிர்ந்துவிடும். வெற்றிடத்தை நிரப்ப அடிக்கலங்கள் பிரிகின்றன. எரிச்சல் விடாமல் தொடர்ந்தால், தூணைப் பெறுவதற்குப் பதில் செதிளைப் பெறுகின்றன. பழைய கலம் அப்படியே செத்துப்போகிறது. பிறக்கிற பிள்ளைதான் வேறு. புகைபிடிப்பவரின் மூச்சுக்குழாயிலும் இதே கதை. விட்டமின் ஏ குறைந்தாலும் வரும்.

செதிள் அடுக்கு முரடு, தாக்குப்பிடிக்கும். ஆனால் அதில் பிசிர் கிடையாது. பிசிர் என்றால் உங்கள் குறு இழை. நொடிக்குப் பத்துத் தடவைபோல அடித்துச் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளுவது அதுதான். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: சக்கரின் என்ற இனிப்பூட்டியின் துணுக்கு ஒன்றை மூக்குக்குள் வைத்து, உறிஞ்சாமல் தும்மாமல் ஆளைச் சும்மா இருக்கச் சொல்ல வேண்டும். இனிப்பு தொண்டைக்கு எட்ட ஏறக்குறைய இருபது நிமிடத்துக்குள்தான் ஆக வேண்டும். அதையும் தாண்டினால் பிசிர் மந்தம் என்று பொருள்.

நான் சொல்வது 'இழையப் பதிலீடு'. (இழையம் என்றால் உங்கள் திசு.)

மதுரை ஐயா எழுதியது:

மண் + குடம் = மட்குடம். இதில் ணகரம் உருகி டகரமானதா? ணகரம் போனது, அது இருந்த இடத்தில் டகரம் வந்து நின்றது. அதைத்தான் திரிதல் என்றார்கள். டாக்டர், நீங்கள் என்னை மறுக்கவில்லை, எனக்கு உரை எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம் அந்தப் பிசிர்! பழம்பாட்டில் பிசிர் என்றால் நீர்த்திவலை. அலை உடைந்து தெறிக்குமே, அது. கோப்பெருஞ்சோழனுக்காக உயிர்விட்ட சங்கப் புலவர் ஆந்தையாருக்கு ஊரும் பிசிர்தான், அதுவும் பாண்டி நாட்டில். நாம் 'குறு இழை' என்று இரண்டு சொல்லைக் கட்டி அழும்போது ஈழத்தார் நம்முடைய ஒற்றைச் சொல்லை மூக்குக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். துணியோரத்துப் பிசிறும் இதுவும் ஒன்றா என்று அடுத்த மடலில் எழுதுகிறேன்.

சென்னைக்காரர் எழுதியது:

ஐயா, அடுத்த மடல் தனி இழையில் இருக்கட்டுமே. 'மெட்டாப்ளேசியா' என்றே போட்டுவிடலாம் என்பது என் கட்சி. ஓசோனை மட்டும் மொழிபெயர்த்தோமா என்ன?

கோவை டீச்சர் எழுதியது:

ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். 'திரிபு' என்றதும் என் பிள்ளைகள் கொரோனாவைத்தான் நினைப்பார்கள். டெல்டா திரிபு, ஒமிக்ரான் திரிபு என்று செய்தியில் கேட்டு வளர்ந்தவர்கள். மூக்கில் புது வைரஸ் வந்துவிட்டதாக வீட்டில் போய்ச் சொன்னால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். வீட்டிலோ பால் திரிந்துவிட்டது என்றால் கொட்ட வேண்டியதுதான். மண்குடம் மட்குடமாவது இலக்கண வகுப்பில் மட்டும்தான்.

'இழையப் பதிலீடு' கணக்குப் பாடம் மாதிரி இருக்கிறது. இந்தத் தட்டைச் செல் அடுக்கைச் 'செதிள் எபிதீலியம்' என்று சொல்வதுண்டு, அதோடு ஒட்டி 'செதிள்மாற்றம்' என்று வைத்தால் என்ன?

வவுனியா டாக்டர் எழுதியது:

பால் உதாரணம் முக்கியமானது. திரிந்த பால் திரும்பாது. இது பெரும்பாலும் திரும்பும். எரிச்சல் நின்றால் அடிக்கலங்கள் மறுபடி தூணைப் பெறத் தொடங்கும். இது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய சேதி, சொல் அதை மறைக்கக்கூடாது. 'மாற்றம்' தளர்வான சொல்தான். ஆனாலும் பொய் சொல்லவில்லை. செதிள்மாற்றத்துக்கு என் வாக்கு.

சென்னைக்காரர் எழுதியது:

+1. தூக்கம் வருகிறது.

மதுரை ஐயா எழுதியது:

எல்லாவற்றுக்கும் 'மாற்றம்' போட்டுப் போட்டு அந்தச் சொல்லே தேய்ந்துவிட்டது. பருவநிலை மாற்றம், பெயர் மாற்றம், பணியிட மாற்றம், இப்போது மூக்கிலும் மாற்றம். ஆட்சி மாற்றம் ஒன்றுதான் பாக்கி. ஒரு துறைச்சொல் கொஞ்சம் உறுத்த வேண்டும், அப்போதுதான் மாணவன் நின்று கேட்பான்.

திண்டுக்கல் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. படத்தின் கீழே 'செதிள்மாற்றம்' என்று அனுப்பிவிட்டேன். 'புகை குறைந்தால் பழைய செல்கள் திரும்ப வரலாம்' என்ற வரியையும் வடிவமைப்பாளரிடம் கெஞ்சிச் சேர்த்தாயிற்று. குறு இழையை மாற்றவில்லை, பாடநூல் அப்படி. ஐயாவின் மாற்றுக்கருத்தைக் குழுமச் சொற்பட்டியலில் குறித்திருக்கிறேன்.

வவுனியா டாக்டர் எழுதியது:

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அடுத்த படி டிஸ்ப்ளேசியா இருக்கிறது. கலத்தின் வடிவமும் ஒழுங்கும் கெட்டு, புற்றுப் பக்கம் சாயக்கூடிய நிலை. அதற்கு ஐயாவின் 'திரிபு' கச்சிதமாகப் பொருந்தும். கையில் வைத்துக்கொள்ளலாம்.

மதுரை ஐயா எழுதியது:

புற்றுக்கு முந்தைய நிலைக்கா? மட்குடத்தை அங்கே கொண்டுபோய் வைக்க நான் சம்மதிக்கவில்லை. விரிவான மறுப்பு நாளை.