ரீமாஸ்டர் பதிப்பு சத்தமா இருக்கு, ஆனா காது சலிக்குது: கோளாறு எங்கே?

செவிவழி:
ஒரே ஆல்பம், ரெண்டு பதிப்பு. எண்பதுகள்ல வந்த சிடியோட ஃப்ளாக் (தரம் குறையாத ஆடியோ ஃபைல்) ஒண்ணு, பிறகு ஒலியைத் திரும்பச் செப்பனிட்டு வந்த ரீமாஸ்டர் ஒண்ணு. ரெண்டும் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். புதுசு போட்டதும் எடுப்பா இருக்கு, மூணாவது பாட்டுக்குள்ள காது சலிச்சுப் போகுது. ஆடாசிட்டின்ற ஆடியோ எடிட்டர்ல அலைவடிவம் பாத்தா, பழசு சீப்புப் பல் மாதிரி, புதுசு செங்கல் மாதிரி. அலையோட உச்சி வெட்டுப்பட்ட (கிளிப் ஆன) இடத்தைக் காட்டுற ஷோ கிளிப்பிங் போட்டா சிவப்புக் கோடு ஒண்ணுகூட வரல. அப்போ கிளிப் ஆகலைன்னு எடுத்துக்கலாமா? இல்ல, வெட்டுப்பட்டதைச் சரிபண்ற டீகிளிப் போட்டுப் பாக்கணுமா?

ஒலித்தச்சன்:
எடுத்துக்க முடியாது. உச்ச அளவான 0 டெசிபலைத் தொட்ட சாம்பிளை, அதாவது அலையோட அளவுப் புள்ளியைத்தான் அது சிவப்பாக்கும். தலையை வெட்டிட்டு மொத்தத்தையும் 0.3 டெசிபல் இறக்கி வெச்சா அதுக்குத் தெரியாது. ட்ரம் அடி விழுற இடத்துல புள்ளி புள்ளியா தெரியுற வரை ஜூம் பண்ணுங்க. அலையோட தலை வளைஞ்சு இறங்கணும். பத்துப் புள்ளி ஒரே மட்டத்துல வரிசை கட்டி நின்னா வெட்டியிருக்காங்க. பத்து சாம்பிள்னா 0.23 மில்லிசெகண்ட்தான், ஆனா அடிக்கு அடி நடந்தா கரகரப்பு. வளைவு அப்படியே இருந்து எல்லாத் தலையும் ஒரே உயரம்னா அது லிமிட்டர் (உச்சியை அமுக்குற கருவி) வேலை. கரகரப்பு குறைவு, ஆனா ஸ்னேர் ட்ரம் அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி கேக்கும்.

அப்புறம் சத்தத்தைச் சமப்படுத்தாம எதையும் ஒப்பிடாதீங்க. ஒரு டெசிபல் கூடினாலே காது அதைத்தான் நல்லாருக்குன்னு சொல்லும். ஃபூபார் பிளேயர்ல ரெண்டுக்கும், சத்தத்தைச் சமப்படுத்துற ரீப்ளேகெயினோட ஸ்கேன் ஓட்டுங்க. அதோட இலக்கு -18 லஃப்ஸ் (காதுக்குக் கேக்குற சத்தத்தோட அளவு). ட்ராக் கெயின் (ஏத்தவோ இறக்கவோ வேண்டிய டெசிபல்) -10னு வந்தா பாட்டு -8 லஃப்ஸ்ல இருக்கு. ரீப்ளேகெயினை ஆன் பண்ணி அதே சரணத்தை மாத்தி மாத்திக் கேளுங்க.

நாலாவது ட்ராக்:
டீகிளிப் பத்தி. ஆடாசிட்டியோட கிளிப் ஃபிக்ஸ், உச்சியோட 95 சதவீதத்தைத் தாண்டினதை வெட்டுன்னு எடுத்துக்கிட்டு, 9 டெசிபல் இறக்கி வேலை செய்யும்.   மூணு நாலு சாம்பிள் தட்டைன்னா ஓரளவு சரி பண்ணும். பதினஞ்சு சாம்பிள்னா இல்லாத தலையை அதுவா வரையுது. லிமிட்டர் அமுக்கினதை அது தொடவே தொடாது.

சேதம் எந்தக் கட்டத்துல நடந்ததுன்றதுதான் முக்கியம். 2008ல மெட்டாலிகா பேண்டோட டெத் மேக்னெட்டிக் ஆல்பம் வந்தப்ப, கிட்டார் ஹீரோ விளையாட்டுல வந்த அதே பாட்டுகள் சிடியைவிடத் தெளிவா இருந்துச்சு. மாஸ்டரிங் (கடைசிக் கட்டச் செப்பனிடல்) பண்ண டெட் ஜென்சன், மிக்ஸ் (எல்லாக் கருவியும் குரலும் கலந்த ஒலி) தன் கைக்கு வர்றப்பவே அமுங்கிப்போய்தான் வந்ததுன்னு சொன்னார். அப்படி ஆனா ரீமாஸ்டர் உதவாது, மல்டிட்ராக்கை (கருவி, குரல் எல்லாம் தனித்தனியா இருக்கிற பதிவை) எடுத்துத் திரும்ப மிக்ஸ் பண்ணணும். ரஷ் பேண்டோட 2002 வேப்பர் ட்ரெயில்ஸ் ஆல்பத்துக்கு 2013ல அதைத்தான் செஞ்சாங்க. உங்களோடது பழைய ஆல்பம், மிக்ஸ் நல்லாத்தான் இருந்திருக்கும், மாஸ்டரிங்லதான் கெட்டிருக்கு. மருந்து உங்ககிட்டயே இருக்கு: பழைய சிடி.

33⅓:
யாராவது எல்பி (வினைல் இசைத்தட்டு) வாங்கச் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு. எல்பியிலிருந்து எடுத்த ஃபைலுக்கு டிஆர் மீட்டர் (சத்தத்தோட ஏற்ற இறக்கத்தை அளக்குறது) 12, சிடிக்கு 8 காட்டினா மாஸ்டர் வேறன்னு நம்பிடாதீங்க. ஒரே மாஸ்டரைப் பதிச்சாலும் தட்டுல ஃபேஸ் (அலைகளோட நேர ஒழுங்கு) நகர்றதால தட்டையான தலை சாய்ஞ்சு உச்சி ஏறும், மீட்டர் ஏமாந்துடும். இந்த மீட்டரை வெச்சு எல்பியை விக்கிறவங்க ஏராளம்.

செவிவழி:
பாத்தாச்சு. 14 புள்ளி தட்டை, உச்சி -0.2. கெயின் புதுசுக்கு -9.6, பழசுக்கு -1.8. சமப்படுத்தினதும் பழசுலதான் ட்ரம் முன்னாடி வந்து நிக்குது.

ஒலித்தச்சன்:
7.8 டெசிபல் வித்தியாசம்! ஸ்பாட்டிஃபைல போட்டாலும் அது -14 லஃப்ஸுக்கு இறக்கிடும், வெட்டினது யாருக்கும் லாபமில்ல. போனுக்கு எம்பி3 ஆக்கினா பழசையே ஆக்குங்க. -0.2 உச்சியில இருக்கிறதை எம்பி3 ஆக்கினா டீகோட் ஆகுறப்ப 0ஐத் தாண்டி இன்னொரு தடவை வெட்டுப்படும். புதுசுதான் வேணும்னா மாத்துறதுக்கு முன்னாடி 2 டெசிபல் இறக்கிடுங்க.