அக்கி வந்தவர்கள், வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கடலூர் முதுநகர்
என் மாமியாருக்கு வலது மார்புக்குக் கீழே முதலில் எரிச்சல்தான். தோலில் ஒன்றுமே இல்லை, ஆனால் புடவை பட்டாலே சுரீர் என்றது. வாயு என்றார்கள், வெயில் சூடு என்றார்கள். சில நாளில் முதுகிலிருந்து முன்பக்கம் வரை பட்டையாகக் கொப்புளம் கிளம்பியது. இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை. சின்ன வயதில் சின்னம்மை போட்டபோது வந்த வைரஸ் நரம்பு வேரில் தங்கிவிடுமாம். வயதாகி எதிர்ப்பு சக்தி குறையும்போது அந்த ஒரு நரம்பு வழியாகவே வெளியே வரும், அதனால்தான் ஒரு பக்கம் என்று தோல் மருத்துவர் விளக்கினார். அன்றைக்கே வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை, 800 மில்லிகிராம், தினம் 5 வேளை, 7 நாளைக்கு எழுதினார். கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் முக்கியம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், அதனால் மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

அக்கிக்குக் காவி மண்ணால் உடம்பில் படம் எழுதும் வழக்கம் உண்டு, அத்தைக்கு அதை எழுதியே ஆகவேண்டும். மண்பாண்டம் செய்யும் பெரியவர் வந்து சிங்கம் வரைந்தார். உடைந்த கொப்புளத்தில் படாமல் சுற்றி வரையச் சொன்னோம், சீழ் பிடிக்கக்கூடாதே. எழுதிய பிறகு அத்தை முகத்தில் ஒரு தெம்பு வந்தது உண்மை. எழுதட்டும், ஆனால் மாத்திரை அதற்குக் காத்திருக்கக்கூடாது.

நெல்லிக்குப்பம்
அப்பாவுக்கு நெற்றியில் வந்தது. மூக்கு நுனியிலும் ஒரு கொப்புளம். அங்கே வந்தால் கண்ணுக்கும் இறங்கலாம் என்று அன்றே தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். போனோம், பார்வை தப்பியது. முகத்தில் அக்கி என்றால் தயவுசெய்து விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

லாஸ்பேட்டை
எனக்குப் புண் ஆறிவிட்டது, வலி போகவில்லை. மூன்று மாதம் தாண்டியும் சட்டை உரசினால் நெருப்பு. வயதானவர்களுக்கு இப்படி நரம்பு வலி தங்குவது அதிகமாம். பிரிகாபலின் கொடுத்தார்கள், தூக்கமும் தலைசுற்றலும் வருகிறது, இரவில் எழுந்தால் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறேன். தடுப்பூசி இருப்பது தெரிந்ததும் மனைவிக்குப் போட்டுவிட்டோம். ஷிங்ரிக்ஸ், இந்தியாவுக்கு 2023இல் வந்தது. 50 வயதுக்கு மேல், 2 தவணை, இடையில் 2 முதல் 6 மாதம். விலை கூடுதல்தான். இந்த வலியைப் பட்டவன் சொல்கிறேன், முடிந்தவர்கள் போடுங்கள்.

கடலூர் முதுநகர்
லாஸ்பேட்டை ஐயா, உங்கள் வலி சீக்கிரம் தணியட்டும். தொற்றுமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். கொப்புள நீர் பட்டால், அம்மை வராதவர்களுக்கு அம்மை வரலாம், அக்கி அல்ல. பொருக்குத் தட்டும் வரை புண்ணை மூடி வையுங்கள். என் நாத்தனார் மாசமாக இருந்தாள், அவளுக்கு அம்மை போட்டதா என்பது யாருக்கும் நினைவில்லை. பொருக்குத் தட்டிய பிறகுதான் அம்மாவைப் பார்க்க வரச் சொன்னோம்.