கையில் ஆர்டர் இருக்கும்போது ஆக்சிடென்ட்டைப் பார்த்தால் நிற்கலாமா?

வேளச்சேரி பைக்: நேற்று ராத்திரி ஒன்பது மணி. பையில் ரெண்டு பிரியாணி. தரமணி லிங்க் ரோட்டில் மழைத்தண்ணீர் மூடிய பள்ளத்தில் ஒரு பெரியவர் மொபெட்டோடு விழுந்து கிடந்தார். நெற்றியில் ரத்தம். 108-க்கு அடித்துவிட்டு, என் துண்டை மடித்துக் காயத்தில் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். ஆம்புலன்ஸில் ஏற்றிக் கிளம்பும்போது இருபத்தைந்து நிமிஷம் போயிருந்தது. கஸ்டமர் கேன்சல் பண்ணி ஒரு ஸ்டார் போட்டுவிட்டார். அன்றைய இன்சென்டிவும் போச்சு. நான் நின்றது தப்பா?

ஓஎம்ஆர்வாசி: தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் போன் பண்ணிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். எங்கள் அப்பா இன்சுலின் போடுபவர். ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமானால் சுகர் இறங்கிவிடும். ரோட்டில் கிடப்பவர் உங்கள் கண்ணில் படுகிறார், எட்டாவது மாடியில் காத்திருப்பவர் படுவதில்லை.

மந்தைவெளி மாமி: ஊசியைப் போட்டுக்கொண்டா பிரியாணிக்குக் காத்திருப்பது? சாப்பாடு கைக்கு வந்தபிறகு போடச் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர்வாசி: மாமி, அது ஒரு உதாரணம்!

முன்னாள் நர்ஸ்: நான் கேஷுவாலிட்டியில் பல வருஷம் இருந்தவள். தம்பி அழுத்திப் பிடித்தது ரொம்பச் சரி. "போன் பண்ணிட்டுக் கிளம்பு" என்பது சொல்லச் சுலபம். ஆம்புலன்ஸ்காரர் திரும்பக் கூப்பிட்டு "எந்தப் பக்கம், பக்கத்தில் என்ன கடை" என்று கேட்பார். அப்போது எடுத்துப் பேச அங்கே ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால், கூட்டத்தில் யாராவது அவசரப்பட்டுக் கழுத்தில் அடிபட்டவரையும் மடக்கி ஆட்டோவில் திணிப்பார்கள். நிறையப் பார்த்தாயிற்று.

கோர்ட்பக்கம்: போலீஸ் கேஸுக்குப் பயந்து நிற்காதவர்களுக்கு ஒன்று. உதவியவர்களைத் தொல்லை செய்யக்கூடாது என்ற வழிகாட்டுதல்களை 2016-ல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவும் வந்தது. விருப்பமில்லாவிட்டால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். ஆஸ்பத்திரி செலவு உங்கள் தலையில் விழும் என்ற பயமும் வேண்டாம். தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, குறிப்பிட்ட தொகை வரை இலவசம்.

வேளச்சேரி பைக்: போலீஸ் ஒன்றுமே கேட்கவில்லை சார். கேட்டது ஆப்தான். தாமதத்துக்குக் காரணம் போடப் போனால் பஞ்சர், கடையில் லேட், கஸ்டமர் போன் எடுக்கவில்லை, அவ்வளவுதான். கடைசியில் பஞ்சர் என்று போட்டேன்.

ஓஎம்ஆர்வாசி: 'ஆக்சிடென்ட்டில் உதவினேன்' என்று ஒரு பட்டன் வைத்தால் டீக்கடையில் நிற்பவனும் அதைத்தான் அமுக்குவான்.

முன்னாள் நர்ஸ்: 108-க்குப் போன கால் அவர் போனிலேயே இருக்குமே. கம்பெனி அதைப் பார்த்துக்கொள்ளட்டும். பெரியவர் உயிருக்கான விலையை இந்தப் பையன் ஏன் தன் சம்பளத்தில் கட்ட வேண்டும்?

ஓஎம்ஆர்வாசி: சரி, அது நியாயம். ஆனால் எனக்குச் சாப்பாடு வராது என்பதையாவது யாராவது சொல்ல வேண்டாமா? "ஆக்சிடென்ட், நிற்கிறேன்" என்று இரண்டு வார்த்தை வந்தால் நான் ஏன் கத்தப்போகிறேன்?

வேளச்சேரி பைக்: ஒரு கையில் துண்டு, இன்னொரு கையில் ஆம்புலன்ஸ்காரர் லைனில் சார்.

ஓஎம்ஆர்வாசி: ம். அந்த ஒரு ஸ்டார் நான் போட்டதில்லை. ஆனால் போன வாரம் ஒருத்தருக்குப் போட்டேன், காரணம் கேட்காமலே. அதை மாற்ற முடியுமா?

வேளச்சேரி பைக்: வழி தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள் சார்.