சிறு காணிக்கு எந்த உழவு இயந்திரம்? எங்கள் அனுபவங்கள்

யாழ்ப்பாணம் உரும்பிராயிலிருந்து:

உழவு இயந்திரம் வாங்க யோசனை கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, அவர்கள் ஒழுங்கையின் அகலத்தைத்தான். எங்கள் தோட்டம் 12 பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற தோட்டக் கணக்கில் முக்கால் ஏக்கர். சுற்றிலும் கதியால் வேலி, நடுவில் கிணறும் வாய்க்காலும். 45 குதிரைவலுக் கொண்ட நான்கு சில்லு இயந்திரம் உள்ளே வந்தால், திரும்புவதற்கே பாத்தி பாத்தியாக இடம் போய்விடும். மூலைகளை மண்வெட்டியால்தான் கொத்த வேண்டும். ஆகவே பின்னால் நடந்தபடி ஓட்டும் இரண்டு சில்லு உழவு இயந்திரமான லாண்ட்மாஸ்ரர் வாங்கினோம். வெங்காயத்துக்கு மண்ணைப் பொடியாக்க அதன் சுழல் கத்திகள் போதும்.

எங்கள் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். சில இடங்களில் அது மேலேயே தட்டுப்படும். ஆழ உழும் கலப்பைக்கு அங்கே வேலையே இல்லை. ஈரம் காயுமுன் ஏறத்தாழ 2 டன் பாரத்தை இறக்கினால் மண் இறுகி, மழைநீர் கீழே இறங்காமல் வழிந்தோடும். ஆறில்லாத குடாநாட்டில் அந்த மழைதானே நம் கிணறுகளை நிரப்புகிறது! இதைப் பெரிய இயந்திரம் வாங்கத் துடிக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்திலும், கிடைத்த சில லீற்றரை வைத்து எங்கள் தறைகளை உழுதுவிட்டோம்.

கைதடியிலிருந்து:

அண்ணா சொல்வது தோட்டத்துக்கு முற்றிலும் பொருந்தும். எங்களுக்கு மழையை நம்பிய நெல்வயல். புழுதியில் விதைப்பதால் மழை பிடிப்பதற்குள் உழவு முடிய வேண்டும். அந்த நாட்களில் ஊர் முழுவதற்கும் ஒரே அவசரம். கொழுக் கலப்பை பூட்டிய பெரிய இயந்திரம் சில மணித்தியாலங்களில் முடித்துவிடும். மிச்ச மாதங்களில் அது கொட்டிலில்தான் நிற்கும். ஒன்றிரண்டு ஏக்கர்காரர் கடன்பட்டு வாங்குவதை விட வாடகைக்குப் பிடிப்பதே நல்லது. வாங்கியே தீருவதானால் உறவினர் சிலர் சேர்ந்து வாங்குங்கள்.

பழையதைப் பார்க்கப் போகும்போது கலப்பையைத் தூக்கி வைத்து இயந்திரத்தை நிறுத்துங்கள். கலப்பை விரைவில் கீழே இறங்கினால் ஹைட்ரோலிக்கில் கசிவு இருக்கிறது. நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஒயிலை எரிக்கிறது. புதிய வண்ணப் பூச்சில் மயங்க வேண்டாம்.

பருத்தித்துறையிலிருந்து:

தம்பிமாரே, ஓட்டுபவரின் உடம்பையும் கணக்கில் எடுங்கள். லாண்ட்மாஸ்ரரின் கைப்பிடி அதிர்வால் என் கணவருக்கு இரவில் விரல்கள் மரத்துப்போகும். அறுபதைக் கடந்தவர் அதன் பின்னால் நாள் முழுவதும் நடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆகவே இருபது சொச்சக் குதிரைவலுவில், நான்கு சில்லும் இழுக்கும் சிறிய இயந்திரத்துக்கு மாறினோம். விலை கூடுதல்தான். ஆனால் அவர் இருந்தபடி உழுகிறார். எங்கள் படலைக்குள்ளும் அது நுழைகிறது.

லாண்ட்மாஸ்ரரில் இழுவைப் பெட்டி பூட்டி ஓட்டும் பிள்ளைகளுக்கு ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். கைப்பிடியில் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு கிளச் உண்டு; அதைப் பிடித்தால் அந்தச் சில்லு எஞ்சினிலிருந்து விடுபடும். சமதரையில் இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்தோ பாலத்திலிருந்தோ பாரத்தோடு இறங்கும்போது அதே பிடி வலப்பக்கம் திருப்பிவிடும். விடுபட்ட சில்லு பாரத்தின் தள்ளலில் வேகமாக உருளும், மற்றச் சில்லை எஞ்சின் பிடித்துவைத்திருக்கும், அதுதான் காரணம். இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, அந்தக் கிளச்சுகளைத் தொடாமல் கைப்பிடியாலேயே திருப்பப் பழக்குங்கள். விற்பவர்கள் இதைச் சொல்லித் தருவதில்லை.